மணலில் ஒன்று, கடலில் ஒன்று

விசாகப்பட்டினத்துக்கு நாங்கள் போனது வாஸ்தவத்தில் சிம்மாசலம் நரசிம்ம சுவாமியைத் தரிசிப்பதற்காக. என் மனைவிக்கு அங்கே நெடுநாளைய வேண்டுதல் ஒன்று பாக்கி. ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் பிரயாணமும் ஒரே காரணத்துக்காக நடந்ததாகச் சரித்திரம் இல்லை. "கோயிலுக்கு வரேன். ஆனா நீர்மூழ்கிக் கப்பலைக் காட்டணும்" என்று பதினாலு வயதுப் பையன் டிக்கெட் எடுக்கும்போதே ஒப்பந்தம் செய்துகொண்டான். ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சமுத்திரமும் சுட்ட சோளமும் போதும். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு எங்கே போனாலும் ஏதாவது அகப்படும் என்பது வீட்டாரின் அபிப்பிராயம்.

சிம்மாசலத்தில் மூலவர் வருஷம் முழுவதும் சந்தனக் காப்புக்குள்ளேயே இருக்கிறார். அட்சய திருதியை ஒரு நாள்தான் காப்பைக் களைந்து நிஜ ரூபத்தைக் காட்டுகிறார்கள். நாங்கள் போனது அந்த நாள் அல்ல. "நாம பார்த்தது சந்தனத்தைத்தானே, சாமியை இல்லையே?" என்று பெண் கேட்டாள். "சந்தனத்துக்குள்ளேதான் சாமி இருக்கார், கும்பிடு" என்றாள் தாயார். அந்தக் கேள்வி அன்று மாலை வேறோர் இடத்தில் எனக்கு மறுபடியும் ஞாபகம் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். அங்கே ஒரு வேடிக்கை. சாலைக்கு ஒரு பக்கம் ராட்சஸ விமானம் ஒன்று நிற்கிறது. எதிர்ப்பக்கம், அலைக்கு அருகே மணலில், கறுப்பு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று படுத்திருக்கிறது. விமானத்தின் பெயர் டியூ-142. அதன் ஆயுட்காலத் தொழிலே நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி வேட்டையாடுவது. வேட்டைக்காரனும் வேட்டைப் பிராணியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கும் இரண்டு கிழவர்களைப்போல எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் விமானம். மூக்கிலிருந்து வால் வரை ஏறக்குறைய 53 மீட்டர். இறக்கைகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 50 மீட்டர். நான்கு எஞ்சின்கள், ஒவ்வோர் எஞ்சினிலும் ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக இரண்டு விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. சோவியத் ருஷ்யாவிடமிருந்து 1988-ல் நமது கடற்படை இதைப்போல எட்டு விமானங்கள் வாங்கியது. முதலில் கோவாவில் இருந்தன. 1992 முதல் அவற்றுக்கு இருப்பிடம் எது என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய அரக்கோணம்! ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் அங்கேதான் இருக்கிறது. 2017 மார்ச் 29-ல் ஓய்வு பெறும் வரை அவை அரக்கோணத்திலிருந்துதான் இந்து மகா சமுத்திரம் முழுவதையும் கண்காணித்தன. அரக்கோணம் வழியாக நான் எத்தனையோ தடவை ரயிலில் போயிருக்கிறேன். வடையும் காப்பியும் வாங்கியதைத் தவிர அந்த ஊரைப் பற்றி வேறொன்றும் யோசித்ததில்லை. பக்கத்து ஊரில் இருந்ததைப் பார்ப்பதற்கு எழுநூறு மைலா, எண்ணூறு கிலோமீட்டரா என்று தகராறு செய்துகொண்டு ராத்திரி முழுவதும் பிரயாணம் செய்து வரவேண்டியிருக்கிறது. மனுஷ சுபாவம்!

2017 டிசம்பரில் இந்த விமானத்தைக் காட்சிசாலையாக்கித் திறந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பட்சிக்கு உள்ளே மனிதர்கள் உட்காரும் இடம் எவ்வளவு சொற்பம் என்பதுதான் உள்ளே போனால் தெரிகிறது. எரிபொருளுக்கும் கருவிகளுக்கும் போக மீதிதான் ஆட்களுக்கு. இது வேட்டையாடும் முறை நூதனமானது. கடலின் மேல் பறந்துகொண்டே, காது உள்ள மிதவைகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு போகும். தண்ணீருக்கடியில் எங்கேயாவது ஒரு கப்பலின் விசிறி சுழன்றால் அந்தச் சத்தம் மிதவையின் காதில் விழும். மிதவை அதை வானொலி மூலம் விமானத்துக்கு அனுப்பும். விமானத்துக்குள் ஒருவர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார். மீனின் சத்தமா, சரக்குக் கப்பலா, சத்துருவா என்று காதாலேயே தரம் பிரிக்க வேண்டும்.

"அப்போ நீர்மூழ்கிக்குள்ளே இருக்கிறவங்க பேசவே கூடாதாப்பா?" என்று பெண் கேட்டாள்.

"கரண்டியைக்கூடக் கீழே போடக் கூடாது" என்றான் அண்ணன், எல்லாம் தெரிந்தவனாக. அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தோம்.

மணலில் கிடக்கும் கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா. இதுவும் ருஷ்யத் தயாரிப்புதான். 1969 டிசம்பர் 18-ல் நமது கடற்படையில் சேர்ந்தது. 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 91 மீட்டர் நீளமுள்ள இந்த இரும்பு மீனைத் தண்ணீரிலிருந்து மணலுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் காரியம் பதினெட்டு மாதம் நடந்ததாம். செலவு ஐந்தரைக் கோடி ரூபாய். 2002 ஆகஸ்டில் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களே உள்ளே வழிகாட்டுகிறார்கள்.

படியேறி உள்ளே நுழைந்ததும் எல்லாருடைய பேச்சும் தானாக நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் குழாய்கள், சக்கரங்கள், வால்வுகள், கடிகார முகங்கள். நடுவே ஒருவர் பின் ஒருவராகப் போகத்தான் இடம். கப்பலை ஏழு அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான துவாரம். முதலில் ஒரு காலை நீட்டி, தலையைக் குனிந்து, பிறகு உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். என் சரீரத்துக்கு அது சுலபமாக இல்லை. பின்னால் வந்த யாரோ ஒரு தெலுங்குக்காரர் அன்போடு ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார். அந்தத் துவாரங்களுக்குக் கனமான இரும்புக் கதவுகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் கதவை அடைத்து மற்ற அறைகளைக் காப்பாற்றுவதற்காக. அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று நான் கேட்கவில்லை. வழிகாட்டியவரும் சொல்லவில்லை.

ஏறக்குறைய எழுபத்தைந்து பேர் வாரக்கணக்காக இதற்குள்ளே வாழ்ந்திருக்கிறார்கள். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நாலு, ஆகப் பத்துக் குழாய்கள் வழியாக டார்ப்பீடோக்களை விடலாம். 22 டார்ப்பீடோக்கள் கொள்ளும். சிலருடைய படுக்கைகள் அந்த டார்ப்பீடோக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. என் மனைவி இதிலெல்லாம் சிரத்தை காட்டவில்லை. சமையலறையைக் கண்டதும் நின்றுவிட்டாள். நம் ஊர் ரயில் பெட்டியில் கை கழுவும் இடத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. "எழுபத்தஞ்சு பேருக்கு இதிலேயா சமைச்சாங்க? தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?" என்றாள். தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு தண்ணீருக்குத் தவிக்கும் வாழ்க்கை அது. குளியல் என்பதெல்லாம் கரைக்கு வந்தபின் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று வழிகாட்டியவர் சிரித்தார்.

இந்த மாதிரிக் கப்பலின் உயிர் பாட்டரியில் இருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து வெளிக்காற்றை இழுத்தால்தான் டீசல் எஞ்சின் மூச்சு விட முடியும். அப்போது பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ள வேண்டும். முழுகியபின் அந்த மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து மெதுவாக நகரவேண்டும். மின்சாரம் ஏற்றும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதைச் சரியாக வெளியேற்றாவிட்டால் ஒரு பொறி போதும். சத்துரு வெளியே மட்டும் இல்லை, காலடியிலும் இருக்கிறான்.

வெளியே வந்து காற்றைக் குடித்தோம். பையன் கடலைக் காட்டி, "அப்பா, காஜி கிடக்கிறது அங்கேதானே?" என்றான். ஆமாம், அங்கேதான். துறைமுகத்தின் வாயிலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், நீலமாகப் பளபளத்துக்கொண்டிருந்த அதே தண்ணீருக்கு அடியில்.

அந்தக் கதையை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லுகிறேன்.

1971-ல் கிழக்கு வங்காள விவகாரம் முற்றி யுத்தம் நெருங்கியபோது, வங்காள விரிகுடாவில் நமக்கு இருந்த பெரிய பலம் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல். அதற்கோ கொதிகலன் ஒன்று பழுது. முழு வேகத்தில் ஓட முடியாது. அதை முழுகடிப்பதற்காக 1971 நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி புறப்பட்டது. தீபகற்பத்தைச் சுற்றி, இலங்கையைத் தாண்டி, நவம்பர் 23 வாக்கில் சென்னைக்கு அருகே விக்ராந்த்தைத் தேடியது. 1914-ல் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. அதன் பெயர் தமிழில் ஒரு வார்த்தையாகவே தங்கிவிட்டது. காஜியோ சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விட்டது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் யாருக்கும் தெரியாது.

விக்ராந்த் அதற்குள் அந்தமானில் ஒரு மறைவான இடத்துக்குப் போயிருந்தது. கிழக்குக் கடற்படையின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் ஒரு நாடகம் போட்டார். ராஜபுத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோலவே வானொலியில் பேசச் செய்தார். பெரிய கப்பல் ஒன்று வருவதுபோல மாமிசமும் காய்கறியும் ஏராளமாகத் தருவிக்கச் சொல்லி உத்தரவு போனது. விக்ராந்த்தின் மாலுமி ஒருவர், உடம்பு சுகமில்லாத தன் தாயாரைப் பற்றி விசாரிப்பதுபோல ஒரு சொந்தச் செய்தியையும், சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாக அனுப்ப ஏற்பாடு செய்தார். இல்லாத மாலுமி, இல்லாத தாயார், இல்லாத நோய். கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அந்தச் செய்திக்குத் தலை வணங்குகிறேன். பக்கம் பக்கமாக எழுதியும் வராத நம்பிக்கை அந்த ஒரு தாயாரால் வந்துவிடுகிறது.

டிசம்பர் 3 மாலை மேற்கே பாகிஸ்தான் விமானங்கள் நமது விமானத் தளங்களைத் தாக்கின, யுத்தம் தொடங்கிவிட்டது. அன்று நடுநிசிக்குச் சற்று முன் ராஜபுத் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. தண்ணீரில் ஏதோ கலக்கம் தெரிய, இரண்டு ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. சில நிமிஷங்கள் கழித்துக் கடலுக்குள் பெரிய வெடிச் சத்தம். ஊரில் ஜன்னல்கள் அதிர்ந்தன. மறுநாள் மீன் பிடிக்கப் போனவர்கள் எண்ணெய்ப் படலத்தையும் மிதக்கும் பொருள்களையும் கண்டார்கள். காஜியில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜபுத்தின் குண்டுதான் அதை அழித்தது என்பது நம்முடைய கட்சி. காஜி தானே விதைத்த கண்ணிவெடியில் தானே சிக்கியது என்பது பாகிஸ்தானின் கட்சி. பாட்டரி வாயுவோ உள்ளே இருந்த வெடிபொருளோ வெடித்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகியும் வழக்குத் தீரவில்லை. சாட்சிகள் எல்லாரும் கப்பலுக்குள்ளே இருந்தார்கள்.

இந்த இரண்டு கப்பல்களின் ஜாதகத்தைப் பார்த்தால் இன்னோர் ஆச்சரியம். ராஜபுத் முதலில் ராதர்ஹாம் என்ற பெயரில் 1942-ல் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்டது. 1949-ல் நமக்கு வந்தது. காஜி முதலில் டயாப்லோ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டப்பட்டு 1944-ல் நீரில் இறங்கியது. 1964-ல் பாகிஸ்தானுக்குப் போனது. இரண்டாம் உலக யுத்தத்தில் இரண்டும் ஒரே கட்சி! 1942 ஏப்ரல் 6-ல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் இந்த விசாகப்பட்டினம். அந்த ஜப்பானுக்கு எதிர்க்கட்சியில் இருந்த இரண்டு கப்பல்கள், பெயர் மாறி, கொடி மாறி, வயோதிக தசையில் அதே ஊரின் வாசலில் ஒன்றையொன்று சந்தித்தன. இரும்புக்குச் சொந்தமாகப் பகை கிடையாது. ஏற்றி வைத்த கொடிதான் அதன் பகை.

மணலில் கிடக்கும் குர்சுரா 1971-ல் என்ன செய்தது? மேற்கே அரபிக் கடலில் ரோந்து போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தது. அந்த யுத்தத்தில் நமது நீர்மூழ்கி எதுவும் சத்துருவின் கப்பலை முழுகடிக்கவில்லை. குர்சுராவுக்கு இது குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. அது திரும்பி வந்ததால்தான் நாம் அதற்குள்ளே போகிறோம் என்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில், பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற நீர்மூழ்கி நமது குக்ரி கப்பலை டார்ப்பீடோவால் முழுகடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். காப்டன் மகேந்திரநாத் முல்லா தப்பிக்க முயலாமல் கப்பலோடேயே போய்விட்டார். டையூவில் கடலைப் பார்த்தபடி அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. ஹாங்கோர் எங்கே இருக்கிறது தெரியுமா? கராச்சியில், காட்சிசாலையில்.

அதாவது, நாங்கள் இங்கே குர்சுராவைச் சுற்றிப் பார்ப்பதைப்போலவே அங்கேயும் ஒரு குடும்பம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஹாங்கோரைச் சுற்றிப் பார்க்கிறது. அங்கேயும் ஒரு பதினாலு வயதுப் பையன் தகப்பனாருக்கு டார்ப்பீடோவைப் பற்றி விளக்கம் சொல்லுவான். அங்கேயும் ஓர் அம்மாள் சமையலறையைப் பார்த்து மலைத்து நிற்பாள். அவர்கள் பெருமையோடு தட்டிக்கொடுக்கிற இரும்பு, நம்மவர் 194 பேரை அடியில் அனுப்பிய இரும்பு. நாம் நிற்கிற மணலுக்கு எதிரே கிடப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்.

விக்ராந்த் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். இத்தனை பேர் யாருக்காக வலை விரித்தார்களோ, அந்தக் கப்பலும் பம்பாயில் 2001 முதல் 2012 வரை காட்சிசாலையாகத்தான் இருந்தது. பராமரிக்கச் செலவு கட்டவில்லை. 2014-ல் உடைக்க அனுப்பிவிட்டார்கள். அதன் உருக்கில் கொஞ்சம் ஒரு மோட்டார் சைக்கிளிலே போய்ச் சேர்ந்தது. சரித்திரத்தில் எது மிஞ்சுகிறது என்பதற்கு வீரம் ஒன்றே கணக்கு அல்ல. திரும்பி வந்ததா, நிறுத்த இடம் கிடைத்ததா, பணம் ஒதுக்கினார்களா என்பதும் கணக்கு.

சாயங்காலம் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் யுத்த நினைவுச் சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்தோம். கடலில் பெற்ற வெற்றிக்காக 1996-ல் எழுப்பியது. பெண் சோளம் தின்றுகொண்டிருந்தாள். காலையில் அவள் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காட்சிசாலையில் நாம் பார்ப்பது வர்ணம் பூசி, விளக்குப் போட்டு, கைப்பிடி வைத்த யுத்தம். அது சந்தனக் காப்பு. நிஜ ரூபம் எதிரே தண்ணீருக்கடியில் இருக்கிறது. அதற்கு டிக்கெட் கிடையாது. காப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பு இல்லாவிட்டால் குழந்தைகள் கிட்டே வரமாட்டார்கள். உள்ளே ஒன்று இருக்கிறது என்பது மட்டும் மறந்துவிடக் கூடாது.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தொடர்கதையில் நான் ஒரு சத்துரு நீர்மூழ்கியை முழுகடித்தேன். ஒரே வரி. கப்பல் வெடித்தது, கதாநாயகன் கை குலுக்கினான், தொடரும். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்த வரியை எழுதியபோது நான் அந்த வட்டத் துவாரத்தில் நுழைந்ததில்லை. கைகழுவும் இடத்தைவிடச் சற்றே பெரிய சமையலறையைப் பார்த்ததில்லை. வானொலியில் அனுப்பிய கற்பனைத் தாயாருக்கு நான் பரிந்தேன். கராச்சியில் தந்திக்காகக் காத்திருந்த நிஜத் தாயார்களை நினைக்கவே இல்லை. நம் தேசம் ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஜெயித்தவனுக்குத்தான் எதிரியின் ஆட்களை எண்ணிப் பார்க்கிற அவகாசம் இருக்கிறது. தோற்றவனுக்குத் தன் ஆட்களை எண்ணவே பொழுது போதாது.

இருட்டியதும் எழுந்தோம். தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் தெரிந்தன. பையன் ரொம்ப நேரமாகப் பேசாமலிருந்தான். திடீரென்று, "அப்பா, காஜியிலே மொத்தம் எத்தனை பேர் இருந்தாங்கன்னு உன் கதையிலே எழுதியிருக்கியா?" என்றான்.

"அது காஜி இல்லைடா, கற்பனைக் கப்பல்" என்றேன்.

"கற்பனைக் கப்பல்லேயும் ஆள் இருப்பாங்க இல்லே?"

அச்சேறிய வரியை இனி அழிக்க முடியாது. அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்தால், அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி சேர்ப்பதாகப் பையனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: அந்தக் கப்பலுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று.